ஒன்றரை எச்.பி. ஏர்கானுக்கு மாற்று கம்ப்ரசர்: எதை வாங்குவது?

தாம்வே வாசி (யாங்கோன்)

அனைவருக்கும் வணக்கம். வீட்டு ஏர்கானின் கம்ப்ரசர் போய்விட்டது என்று மெக்கானிக் சயா (பர்மியத்தில் 'ஆசான்') சொல்லிவிட்டார். மாற்றாக எதைப் போடுவது என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். விவரத்தை இங்கே வைக்கிறேன்.

ஒன்றரை எச்.பி. (குதிரைத்திறன்) ஸ்பிளிட், இன்வெர்ட்டர் (கம்ப்ரசரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி) இல்லாத பழைய வகை. வெளி யூனிட்டின் தகட்டில் 12,000 பி.டி.யூ. (குளிர்விக்கும் திறன்), ஆர்-22 (உள்ளே ஓடும் கேஸ்), 950 கிராம் (கேஸின் எடை), 220–240 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்று இருக்கிறது. வாங்கிப் பத்து வருடம் இருக்கும். ஆறாவது மாடி, லிஃப்ட் கிடையாது. வெளி யூனிட் பின்சந்துப் பக்கச் சுவரில் தொங்குகிறது.

திஞ்சான் (பர்மியப் புத்தாண்டு) முடிந்ததிலிருந்தே தொல்லைதான். நின்ற மின்சாரம் திரும்பியதும் கம்ப்ரசர் முனகும், சில நொடிகளில் 'டக்' என்று நின்றுவிடும். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி முனகும். இப்போது முனகலும் போய், சுவிட்சைப் போட்டதுமே பிரேக்கர் விழுகிறது.

கடையில் மூன்று காட்டினார்கள். முதலாவது, எங்கள் யூனிட்டில் இருப்பதைப் போலவே இருக்கிறது, 'ஒரிஜினல்' என்கிறார்கள், பளபளவென்று கறுப்பு வண்ணம். இரண்டாவது, பெட்டி பிரிக்காத சீனப் புதுச்சரக்கு. அதில் ஆர்-410ஏ என்று எழுதியிருக்கிறது. "கேஸ் எதுவானாலும் ஓடும்" என்கிறார் கடைக்காரர். மூன்றாவது, ஜப்பானிலிருந்து வந்த பழைய ஏர்கானிலிருந்து கழற்றியது. விலை மிகக் குறைவு. இதற்கிடையே அம்பத்தூரில் இருக்கும் மச்சான், ஒன்றரை டன் கம்ப்ரசர் ஒன்றை அங்கே வாங்கி, வருகிறவர் யாரிடமாவது கொடுத்து அனுப்புகிறேன் என்கிறார்.

அம்மா அந்த அறையில்தான் படுக்கிறார். மழை பிடிப்பதற்குள் முடித்துவிட வேண்டும். எதை வாங்கலாம்?

பின்சந்துக் காகம் (யாங்கோன்)

கடைக்காரர் காட்டிய மூன்றும் இருக்கட்டும். கெப்பாசிட்டரை (மோட்டார் புறப்பட உதவும் பாகம்) பார்த்தார்களா? முனகி நிற்கும் கம்ப்ரசர்களில் பாதிக்கு நோய் அந்தத் தகர டப்பாவில்தான். அதன் விலை ஒரு வேளை பிரியாணிக் காசு.

மோல்மீன் மெக்கானிக் (மோல்மீன்)

காகம் சொல்வது முனகலுக்குச் சரி. போட்டதும் பிரேக்கர் விழுவது வேறு கதை. ஆனாலும் தம்பி, கம்ப்ரசர் செத்தது என்று யார் சொன்னாலும் அளவு காட்டச் சொல்லுங்கள். அளவில்லாமல் சொன்னால் அது ஊகம்.

மெயினை அணைத்துவிட்டு கெப்பாசிட்டரை மின்னிறக்கம் செய்ய வேண்டும். அணைத்த பிறகும் அது அடிக்கும். இதைச் செய்யத் தெரியாதவர் கை வைக்கவே வேண்டாம். பிறகு அதைக் கழற்றி, மைக்ரோ ஃபாரட் அளக்கும் மீட்டரில் வைத்துப் பார்க்க வேண்டும். மேலே 35 என்று எழுதியிருந்தால் 33-க்குக் கீழே இறங்கக்கூடாது. வயிறு உப்பியிருந்தால் அளக்கவே தேவையில்லை, தூக்கிப் போடலாம்.

அடுத்தது கம்ப்ரசரின் மூடியைக் கழற்றினால் தெரியும் மூன்று முனைகள். சி (பொது), ஆர் (ஓட்டம்), எஸ் (தொடக்கம்). மூன்று ஜோடியாக ஓம் அளக்க வேண்டும். சி-ஆர் மிகக் குறைவு, சி-எஸ் அதைவிடக் கொஞ்சம் கூட, ஆர்-எஸ் இரண்டின் கூட்டுத்தொகை. உதாரணத்துக்கு 2.4, 3.6 வந்தால் மூன்றாவது 6 வர வேண்டும். ஆர்-எஸ் மட்டும் அளவு காட்டி, சி-யோடு சேர்ந்த இரண்டும் திறந்த சுற்று என்று காட்டினால் உடனே தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். ஓவர்லோட் (சூடு மிஞ்சினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் பாகம்) சூட்டில் திறந்திருக்கலாம். கம்ப்ரசரின் வெளி ஓடு கையில் சில்லென்று படும்வரை ஆறவிட்டு மறுபடி அளக்க வேண்டும். அவசரத்தில் நல்ல கம்ப்ரசரைக் கழற்றி எடைக்குப் போட்ட வீடுகள் எத்தனையோ.

கடைசியாக, முனைக்கும் ஓட்டுக்கும் இடையே மெக்கர் (மின்கசிவு பார்க்கும் மீட்டர்) வைத்துப் பார்க்க வேண்டும். ஓட்டின் மேல் வண்ணம் இருக்கும். செம்புக் குழாயைச் சுரண்டி, பளபளப்பு தெரிந்த இடத்தில் முனையை வைக்கச் சொல்லுங்கள். வண்ணத்தின் மேல் வைத்துவிட்டு 'இன்சுலேஷன் அருமை' என்பவர்களும் இருக்கிறார்கள்.

தாம்வே வாசி

நன்றி ஐயா. நேற்றே அளக்க வைத்தேன். கெப்பாசிட்டர் 34.1 காட்டியது. ஓம் கணக்கும் ஏறக்குறைய நீங்கள் சொன்னபடிதான். ஆனால் மெக்கர் முள் பூஜ்யத்தை விட்டு அசையவில்லை. மூன்று முனையிலும் அதே நிலை. மூடியைத் திறந்தபோது சி முனையைச் சுற்றிக் கரிபிடித்திருந்தது. கேஸை எடுத்துவிட்டுக் குழாயை அறுத்தபோது வந்த எண்ணெய் காப்பிக் கறுப்பு. மூக்கைத் துளைக்கும் நெடி.

மோல்மீன் மெக்கானிக்

போய்விட்டது. சயா சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். உள்ளே மோட்டாரின் காயில் (கம்பிச்சுற்று) எரிந்து ஓட்டோடு ஒட்டிவிட்டது. அந்த நெடியை மறந்துவிடாதீர்கள், பிறகு அதைப் பற்றிப் பேச வேண்டும். எண்ணெய் கையில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அம்பத்தூர் மச்சான் (சென்னை)

மச்சான், நானும் இங்கே உறுப்பினர்தான், மறந்துவிட்டீர்களா? சென்னையிலும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். கடையில் விசாரித்துவிட்டேன். ஒன்றரை டன், ஆர்-22, ரோட்டரி (சுழன்று அழுத்தும் வகை), உறை பிரிக்காதது. உங்களுடையதும் ஒன்றரைதானே? எடுத்துவிடட்டுமா?

பஸண்டாங் அக்கா (யாங்கோன்)

எடுக்க வேண்டாம் தம்பி! அங்கே ஒன்றரை, இங்கே ஒன்றரை, இரண்டும் ஒன்றல்ல.

இந்தியாவில் டன் கணக்கு. ஒரு டன் என்றால் மணிக்கு 12,000 பி.டி.யூ. ஒன்றரை டன் 18,000. பர்மாவில் எச்.பி. கணக்கில் விற்கிறார்கள். ஒரு எச்.பி. என்றால் ஏறக்குறைய 9,000, ஒன்றரை எச்.பி. 12,000, இரண்டு எச்.பி. 18,000. ஆக தாம்வே வீட்டு ஒன்றரை எச்.பி. சென்னைக் கணக்கில் ஒரு டன். நீங்கள் அனுப்பப் போவது இங்குள்ள இரண்டு எச்.பி. சாமான்.

பெரிதாகப் போட்டால் நன்றாகக் குளிரும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உள் காயில், வெளி காயில் (இரண்டு யூனிட்டிலும் கேஸ் ஓடும் குழாய்ச் சுருள்கள்), கேஸை அளந்து விடும் மெல்லிய கேப்பிலரி குழாய் மூன்றும் 12,000-க்கு அளந்து செய்தவை. 18,000 இழுக்கும் கம்ப்ரசரை அவற்றோடு பூட்டினால், உள் காயிலின் அழுத்தம் தேவைக்கு மேல் இறங்கி அது பனி பிடிக்கும். பனி மூடியதும் கேஸ் ஆவியாகாமல் திரவமாகவே கம்ப்ரசருக்குத் திரும்பி வரும். திரவத்தை அழுத்த முடியாது. வால்வும் பிளேடும் முறியும். வெளி காயிலோ அத்தனை சூட்டை வெளியேற்ற முடியாமல் திணறும். புது கம்ப்ரசரும் பழையது போன வழியே போகும்.

எச்.பி. என்ற சொல்லையே கடையில் உச்சரிக்காதீர்கள். தகட்டைப் படம் எடுத்துக்கொண்டு போய், கேஸ் எது, எத்தனை பி.டி.யூ., எத்தனை வோல்ட், எத்தனை ஹெர்ட்ஸ் என்று அந்த வரிசையில் கேளுங்கள்.

அம்பத்தூர் மச்சான்

அக்கா, நல்லவேளை பணம் கொடுக்கவில்லை. அப்படியானால் ஒரு டன் பார்க்கட்டுமா?

தாம்வே வாசி

இருங்கள் மச்சான், இங்கேயே கிடைத்துவிட்டால் சுமக்கும் வேலை மிச்சம். அக்கா, அந்த ஆர்-410ஏ புதுச்சரக்கைப் பற்றிச் சொல்லுங்கள். மூன்றிலும் அதுதான் உண்மையிலேயே புதியது. அதில் ஆர்-22 அடைத்தால் ஓடாதா?

பஸண்டாங் அக்கா

ஓடும். ஆனால் அறை சரியாகக் குளிராது. காரணம் சொல்கிறேன், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

ஆர்-22-ஐவிட ஆர்-410ஏ ஏறக்குறைய 1.6 மடங்கு அழுத்தத்தில் வேலை செய்வது. காயில் 5 டிகிரியில் இருக்கும்போது ஆர்-22-இன் அழுத்தம் 70 பி.எஸ்.ஐ. அருகே, ஆர்-410ஏ-க்கு 120. வெளிப்பக்கம் 50 டிகிரி என்றால் முன்னது 265 அருகே, பின்னது 430. அடர்த்தியான வாயு என்பதால் ஒரு சுற்றுக்குக் கொஞ்சம் இழுத்தாலே போதும். அதனால் 12,000 பி.டி.யூ.வுக்கான ஆர்-22 ரோட்டரி ஒரு சுற்றுக்கு 20 கன சென்டிமீட்டரை ஒட்டி இழுக்கிறது என்றால், அதே 12,000-க்கான ஆர்-410ஏ ரோட்டரிக்கு 14, 15 போதும். தகட்டில் இரண்டுக்கும் '12,000' என்றுதான் இருக்கும். இப்போது அந்தச் சின்ன வயிற்றில் மெல்லிய ஆர்-22-ஐ அடைத்தால் மூன்றில் ஒரு பங்கு குளிர்ச்சி காணாமல் போகும். கடைக்காரர் ஓடுகிறது என்று காட்டிவிட்டுப் போய்விடுவார். ஏப்ரல் வெயிலில் அம்மாதான் அவதிப்படுவார்.

அப்படியானால் கேஸையும் ஆர்-410ஏ ஆக்கிவிடலாமே என்று அடுத்த கேள்வி வரும். உங்கள் காயில்களும் இணைப்புகளும் ஆர்-22 அழுத்தத்துக்குச் செய்தவை. 430 பி.எஸ்.ஐ.யை ஆறாவது மாடிச் சுவரில் தொங்கும் பத்து வருடத்துக் காயிலில் ஏற்றிப் பார்க்க நான் சம்மதிக்க மாட்டேன். கேப்பிலரியின் அளவும் வேறு. எண்ணெயும் வேறு: ஆர்-22-க்குக் கனிம எண்ணெய், ஆர்-410ஏ-க்கும் ஆர்-32-க்கும் செயற்கை எஸ்டர் எண்ணெய் அல்லது அதன் இனத்தைச் சேர்ந்தவை. ஆர்-410ஏ கனிம எண்ணெயைக் கரைத்து இழுத்து வராது. குழாய்க்குள் தங்கியிருக்கும் பழைய எண்ணெய் அங்கேயே பிசினாகக் கிடக்கும்.

கேஸ் மாற வேண்டுமென்றால் யூனிட்டே மாற வேண்டும். யூனிட் பழையதுதான் என்றால் ஆர்-22 கம்ப்ரசர்தான்.

தன்லின் தம்பி (தன்லின்)

ஏன் இவ்வளவு சிக்கல்? புரோப்பேன் அடைத்தால் போதும். ஆர்-22 கம்ப்ரசரிலேயே ஓடுகிறது, மின்சாரமும் குறைவு, ஓசோனுக்கும் கேடில்லை. எங்கள் பக்கத்தில் இரண்டு வீட்டில் ஓடுகிறது.

மோல்மீன் மெக்கானிக்

ஓடும் தம்பி, மறுக்கவில்லை. எடையில் பாதிக்கும் குறைவாகவே பிடிக்கும், அழுத்தமும் ஆர்-22-ஐ ஒட்டியே இருக்கும். எல்லாம் உண்மை. அது அடுப்புக் கேஸின் உடன்பிறப்பு என்பதும் உண்மை. அதற்கென்றே செய்த யூனிட்டில் மின்பொறி வெளியே வராதபடி சுவிட்சுகளை மூடியிருப்பார்கள், கேஸின் அளவுக்கும் அறையின் பரப்புக்கும் வரம்பு வைத்திருப்பார்கள். உங்கள் அக்கம்பக்கத்து யூனிட்டில் கம்ப்ரசர் முனையே கரிபிடித்துக் கிடக்கும். மூடிய அறையில் வயதானவர் தூங்குகிறார், இரவு மின்சாரம் போனால் மெழுகுவர்த்தி. நான் செய்ய மாட்டேன். என் பையன் செய்தாலும் விடமாட்டேன்.

தன்லின் தம்பி

மெழுகுவர்த்தியை நான் யோசிக்கவில்லை. ஏற்கிறேன்.

கணக்கப்பிள்ளை (யாங்கோன்)

எல்லோரும் கம்ப்ரசரையே பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள். பத்து வருடத்து யூனிட். கம்ப்ரசர், கேஸ், டிரையர் (ஈரம் பிடிக்கும் வடிகட்டி), கெப்பாசிட்டர், கூலி, ஆறு மாடி ஏறி இறங்கும் கூலி எல்லாம் கூட்டினால் புது யூனிட் விலையில் பாதியைத் தொடும். பாதியைத் தாண்டினால் பழுது பார்க்கக் கூடாது என்பது என் கணக்கு. இன்னொன்று: ஆர்-22-க்கு நாள் குறித்தாகிவிட்டது. ஓசோனைக் காக்கும் மாண்ட்ரியல் உடன்படிக்கைப்படி வளரும் நாடுகள் இந்த வகைக் கேஸின் அளவை 2013-இல் மேலும் ஏறாமல் நிறுத்தி, 2020-இல் 35 சதவீதம், 2025-இல் 67.5 சதவீதம் குறைக்க வேண்டும். 2030-க்குப் பிறகு பழைய யூனிட்டுகளைப் பழுது பார்க்கக் கொஞ்சம் மட்டும், அதுவும் 2040 வரை. கேஸ் விலை ஏறுமே தவிர இறங்காது. இன்வெர்ட்டர் ஆர்-32 ஒன்று வாங்குங்கள், நிம்மதி.

தாம்வே வாசி

ஐயா, கணக்கு சரிதான். ஆனால் புது யூனிட் விலை டாலரோடு சேர்ந்து ஏறி நிற்கிறது. நான் விசாரித்த அளவில் மொத்தப் பழுதுச் செலவு புது இன்வெர்ட்டர் விலையில் மூன்றில் ஒரு பங்குதான் வருகிறது. தவிர, மேல் மாடிக்காரர் வீட்டில் புது இன்வெர்ட்டர் வாங்கி, போர்டு (அதை இயக்கும் மின்னணுப் பலகை) எரிந்து, போர்டுக்காகக் காத்திருக்கிறார்கள். காத்திருக்கும்போதே வெயில் காலம் முடிந்துவிடும் போலிருக்கிறது.

கணக்கப்பிள்ளை

மூன்றில் ஒன்று என்றால் பழுது பார்க்கலாம். மூன்று வருடம் ஓடினால் லாபம்.

பஸண்டாங் அக்கா

இன்வெர்ட்டரைப் பற்றி ஒரு வார்த்தை, பிறகு வருகிறவர்களுக்கு உதவும். அது மெல்லப் புறப்படும், தொடக்கத்தில் மின்னோட்டம் எகிறாது. சில மாடல்கள் தாழ்ந்த வோல்டேஜிலும் ஓடும்படி செய்யப்பட்டவை. நம் ஊருக்கு அது பெரிய வசதி. அதன் பலவீனம் போர்டு. மின்சாரம் திரும்பி வரும் நேரத்துக் குதிப்பில் முதலில் போவது அதுதான். இன்வெர்ட்டர் கம்ப்ரசர் போனால் அதற்குச் சாதாரண கம்ப்ரசரைப் பூட்ட முடியாது. மூன்று முனையும் போர்டிலிருந்து வரும் மூன்று கட்ட மின்சாரம். மூன்று ஜோடியும் ஒரே ஓம் காட்ட வேண்டும். காட்டினால் கம்ப்ரசர் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும், போர்டைப் பாருங்கள்.

பின்சந்துக் காகம்

ஜப்பான் சாமானைப் பற்றி யாருமே பேசவில்லையே. எங்கள் தெருவில் பாதி வீட்டில் ஜப்பானிலிருந்து வந்த பழைய ஃப்ரிட்ஜ், பழைய ஃபேன். எல்லாம் நம்மைவிட ஆயுள் கெட்டி.

மோல்மீன் மெக்கானிக்

ஃபேன் சரி. ஏர்கான் கம்ப்ரசர் என்றால் தகட்டைப் படிக்க வேண்டும். ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட், பெரிய ஏர்கானுக்கு 200. கிழக்குப் பக்கம் 50 ஹெர்ட்ஸ், மேற்குப் பக்கம் 60. அங்கே இரண்டுக்கும் பொருந்தும்படி செய்த சாமானும் உண்டு, ஒன்றுக்கே செய்ததும் உண்டு. 60-க்கு மட்டும் செய்த மோட்டாரை நம் 50-இல் ஓட்டினால் நிமிடத்துக்கு 3,500 சுற்றுக்குப் பதிலாக 2,900 சுற்றும். ஆறில் ஒரு பங்கு குளிர்ச்சி அங்கேயே போகும். அதைவிடக் கேடு, ஹெர்ட்ஸ் குறைந்தும் வோல்டேஜ் குறையாததால் மோட்டாரின் இரும்பு அளவுக்கு மீறிக் காந்தமாகி, சுமை இல்லாமல் ஓடும்போதே சூடேறும். 200 வோல்ட் சாமானுக்கு 230 கொடுத்தால் கேட்கவே வேண்டாம். போதாததற்கு, அண்மைக் காலத்து ஜப்பான் ஏர்கான் பெரும்பாலும் இன்வெர்ட்டர். கழற்றிய கம்ப்ரசரை போர்டு இல்லாமல் என்ன செய்வது? தட்டுமுட்டுக் கடையில் மலிவாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது.

முதலாவதாகக் காட்டிய 'ஒரிஜினல்' தான் எனக்கு உறுத்துகிறது. பளபளவென்று கறுப்பு என்றீர்களே, படம் இருக்கிறதா?

தாம்வே வாசி

படம் போட்டிருக்கிறேன். தகட்டின் ஓரத்திலும் கறுப்பு ஏறியிருக்கிறது. குழாய் முனைகளில் ரப்பர் அடைப்பு இல்லை. பசை நாடா ஒட்டியிருந்தார்கள்.

மோல்மீன் மெக்கானிக்

வைத்துவிட்டு வாருங்கள். திறந்து காயில் சுற்றி மூடிய சாமான், அல்லது எடைக்கடையிலிருந்து எழுந்து வந்தது. தொழிற்சாலையில் வண்ணம் அடிக்கும்போது தகட்டின் மேல் கறுப்பு படாது. ஓட்டைச் சுற்றி நடுவில் ஓடும் வெல்டிங் கோட்டை விரலால் தடவுங்கள்: இயந்திரம் போட்டது ஒரே சீராக இருக்கும், கையால் போட்டது மேடும் பள்ளமுமாக இருக்கும். செம்புக் குழாயின் நுனியை உற்றுப் பாருங்கள். முன்பு பற்றவைத்த வெள்ளித் துணுக்கு எங்காவது மிச்சம் இருந்தால் அது ஏற்கெனவே ஒரு வீட்டில் வாழ்ந்துவிட்டு வந்தது.

புதுசுக்குச் சாட்சி அதன் மூச்சு. தொழிற்சாலையில் உள்ளே உலர்ந்த நைட்ரஜனை நிரப்பி ரப்பர் அடைப்பு போட்டு அனுப்புகிறார்கள். கடைக்காரர் முன்னாலேயே ஓர் அடைப்பை இலேசாக நெம்பினால் 'உஸ்' என்று சீறும். சீறவில்லையென்றால் பணம் கொடுக்காதீர்கள். சீறியதும் உடனே அமுக்கி மூடிவிடுங்கள், நம் ஊர் ஈரக்காற்று உள்ளே போகக்கூடாது.

எந்தப் பெயர் வாங்குவது என்று கேட்பீர்கள். சீனத்து ஜி.எம்.சி.சி., ஹைலி இரண்டும் உலகம் முழுக்க ஏர்கான் கம்பெனிகளே வாங்கிப் பூட்டும் ரோட்டரிகள், ஜி.எம்.சி.சி. மிதேயா குழுமத்தைச் சேர்ந்தது, ஹைலி ஹிட்டாச்சி கூட்டில் ஷாங்காயில் வளர்ந்தது. பானசோனிக், எல்.ஜி. கிடைத்தால் தாராளமாக வாங்கலாம். நான் பெயரைவிட 'உஸ்' சத்தத்தைத்தான் நம்புவேன். ஃப்ரிட்ஜ் கம்ப்ரசரை மட்டும் யாராவது தள்ளிவிடப் பார்த்தால் ஏமாறாதீர்கள். அது தாழ்ந்த அழுத்தத்துக்குச் செய்தது, ஏர்கான் சுமையைத் தாங்காது.

தாம்வே வாசி

வேறு கடையில் ஒன்று கிடைத்தது. பெட்டியோடு, ரோட்டரி, ஆர்-22, 220–240 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், 12,100 பி.டி.யூ. அடைப்பை நெம்பியதும் சீறியது. கடைக்காரர் என்னைவிடப் பெருமைப்பட்டார். சரிதானா? 100 கூடுதலாக இருப்பது பரவாயில்லையா?

பஸண்டாங் அக்கா

தாராளமாக. ஐந்து சதவீதம் முன்பின் இருக்கலாம். இரண்டு விஷயம் பாருங்கள்: குழாய் முனைகள் பழையது போலவே அமைகின்றனவா, கால் துளைகள் பொருந்துகின்றனவா. பக்கத்தில் ஒட்டியிருக்கும் சின்ன உருளை, திரவம் நேராக உள்ளே போகாமல் பிடித்துவைக்கும் பாத்திரம். அது விசிறியில் இடிக்காமல் நிற்க வேண்டும். கெப்பாசிட்டரைப் புது கம்ப்ரசரின் தகட்டில் உள்ள அளவுக்கு வாங்குங்கள். பழையது 35 என்பதற்காக இதற்கும் 35 போடக்கூடாது. ஓவர்லோட் வெளியே இருக்கும் வகை என்றால் அதுவும் அப்படித்தான்.

மோல்மீன் மெக்கானிக்

இப்போது அந்த நெடிக்கு வருகிறேன். எரிந்த மோட்டார் காயில் எண்ணெயை அமிலமாக்கிவிட்டது. அந்த அமிலம் குழாய் முழுவதும், உள் காயில் வரை பரவியிருக்கிறது. அதைக் கழுவாமல் புது கம்ப்ரசரைப் பூட்டினால் அமிலம் புது மோட்டார் காயிலின் வார்னிஷைத் தின்னும். பிறகு 'சீனச் சரக்கு, ஒரு வெயில் கூடத் தாங்கவில்லை' என்று பேச்சு வரும்.

இரண்டு காயிலையும் குழாயையும் தனித்தனியாகப் பிரித்து, கழுவும் திரவத்தை விட்டு நைட்ரஜனால் தள்ள வேண்டும். வெளியே வருவது நிறமில்லாமல் வரும்வரை. காற்று கம்ப்ரசர் வைத்து ஊதச் சம்மதிக்காதீர்கள். ஈரமும் எண்ணெயும்தான் உள்ளே போகும். டிரையரும் கேப்பிலரியும் புதிது. கேப்பிலரி அதே நீளம், அதே துளை; ஒரு சாண் குறைத்தாலும் கணக்கு மாறும். எரிந்த யூனிட் என்பதால் உறிஞ்சு குழாயிலும் (கம்ப்ரசருக்குக் கேஸ் திரும்பி வரும் குழாய்) அமிலம் பிடிக்கும் டிரையர் ஒன்று போட்டு, சில நாள் ஓடிய பிறகு கழற்றிவிடுவது என் வழக்கம்.

பற்றவைக்கும்போது குழாய்க்குள் நைட்ரஜன் மெல்ல ஓடிக்கொண்டிருக்க வேண்டும். ஓடாவிட்டால் உள்ளே கறுப்புச் செம்பு ஆக்சைடு உதிர்ந்து கேப்பிலரியை அடைக்கும். புது கம்ப்ரசரின் அடைப்பைக் கடைசியில்தான் எடுக்க வேண்டும், எடுத்ததும் வேலையை முடித்துவிட வேண்டும். பிறகு வேக்குவம் பம்ப் வைத்து உள்ளே உள்ள காற்றை இழுக்க வேண்டும், மைக்ரான் மீட்டரில் (வெற்றிடம் அளப்பது) 500-க்குக் கீழே. பம்ப்பை நிறுத்தி வால்வை மூடிவிட்டுக் காத்திருங்கள். முள் ஏறிக்கொண்டே போனால் எங்கோ ஒழுக்கு, அல்லது ஈரம். கேஸைத் தராசில் வைத்து 950 கிராம் எடை போட்டு விடுங்கள். குழாய் மேல் பனி பிடிக்கிறதா என்று பார்த்து அளவு சொல்லும் சயாக்களை நான் நாற்பது வருடமாகப் பார்க்கிறேன். அவர்கள் திருந்தப் போவதில்லை, நீங்கள் தராசை வாங்கிக் கொடுங்கள்.

பின்சந்துக் காகம்

தராசுக்கு அலைய வேண்டாம். என் வீட்டு மீன் தராசு இருக்கிறது, உங்கள் மாடியிலிருந்து தொங்கும் மணிக் கயிற்றில் கட்டி அனுப்புகிறேன். மணி அடித்தால் இழுத்துக்கொள்ளுங்கள்.

மோல்மீன் மெக்கானிக்

காகமே, பத்து கிராம் பிரித்துக் காட்டினால் சரி.

இன்னொன்று மிச்சம். பழையது ஏன் போனது? சயா அதைச் சொன்னாரா?

தாம்வே வாசி

வோல்டேஜ் என்றார். வேறு விவரம் இல்லை.

மோல்மீன் மெக்கானிக்

வோல்டேஜ் பாதி. மீதி, மின்சாரம் திரும்பி வந்த விதம். கம்ப்ரசர் நின்ற கணத்தில் ஒரு பக்கம் 265 பி.எஸ்.ஐ., மறுபக்கம் 70. கேப்பிலரி வழியே இரண்டும் சமமாக மூன்று நிமிடமாவது ஆகும். ஒரு கணம் போய் உடனே வரும் மின்சாரத்தில், அந்த அழுத்தத்தை எதிர்த்துப் புறப்பட முடியாமல் மோட்டார் அப்படியே நிற்கும். ஓடும்போது ஐந்தரை ஆம்பியர் இழுப்பது அப்போது ஐந்தாறு மடங்கு இழுக்கும். உங்கள் காதில் விழுந்த முனகல் அதுதான். அதே நேரத்தில் தெரு முழுக்க ஏர்கான்கள் புறப்படுவதால் வோல்டேஜ் வேறு படுத்துக்கிடக்கும். தினமும் இப்படி என்றால் எந்தக் காயில் தாங்கும்?

சேஃப்கார்டில் (வோல்டேஜ் சரியில்லை என்றால் மின்சாரத்தைத் துண்டித்து, தாமதித்து இணைக்கும் பெட்டி) தாமத நேரம் எத்தனை வைத்திருக்கிறீர்கள்? கீழ் வரம்பு எத்தனை?

தாம்வே வாசி

தாமதம் அரை நிமிடம் என்று இருந்தது. கீழ் வரம்பு 160.

மோல்மீன் மெக்கானிக்

அது விளக்குக்குப் போதும். தாமதத்தை ஐந்து நிமிடம் ஆக்குங்கள், கீழ் வரம்பை 207-க்கு ஏற்றுங்கள். 230-க்குப் பத்து சதவீதம் கழித்தால் 207. அதற்குக் கீழே கம்ப்ரசரை ஓட்டுவது கடன் வாங்கி ஓட்டுவதுதான். ஸ்டெப்-அப் (வோல்டேஜை ஏற்றும் பெட்டி) வைத்திருந்தால் 5 கே.வி.ஏ.வுக்குக் குறையக்கூடாது, மேல் வரம்பும் 250-இல் வெட்ட வேண்டும்.

பின்சந்துப் பக்கத்து வெளி காயிலைக் கழுவுங்கள். அங்கே புறா கூடு கட்டியிருக்கும், பந்தயம்.

தாம்வே வாசி

புறா இல்லை, காகம். குச்சியும் கம்பியுமாக விசிறி வலை முழுக்க. (நம் காகம் இல்லை.) காயிலின் முதுகில் விரல் கனத்துக்குத் தூசி, தண்ணீர் பீய்ச்சினால் சேறாக வடிந்தது.

வேலை முடிந்தது. சயா முதலில் முகம் சுளித்தார். தராசையும் மைக்ரான் மீட்டரையும் பார்த்ததும் அவருக்கே ஆர்வம் வந்துவிட்டது. வேக்குவம் 420-இல் நின்றது. ஒரு மணி நேரம் ஓடிய பிறகு: வோல்டேஜ் 216, மின்னோட்டம் 5.4 ஆம்பியர், உறிஞ்சு அழுத்தம் 68. அறைக் காற்றுக்கும் உள் யூனிட்டிலிருந்து வரும் காற்றுக்கும் இடையே 10 டிகிரி வித்தியாசம். தகட்டில் மின்னோட்டம் 5.6 என்றிருக்கிறது. அம்மா போர்வை கேட்டார்.

மோல்மீன் மெக்கானிக்

நல்ல அளவுகள். உறிஞ்சு பக்க டிரையரைக் கழற்றும்போது எண்ணெயில் ஒரு சொட்டு எடுத்து அமில சோதனை செய்யச் சொல்லுங்கள். நிறம் மாறினால் இன்னொரு டிரையர்.

அம்பத்தூர் மச்சான்

அப்படியானால் நான் எதையும் அனுப்ப வேண்டாம். அத்தைக்குப் போர்வை வேண்டுமானால் சொல்லுங்கள்.

தன்லின் தம்பி

இடையில் ஒரு சந்தேகம். எங்கள் வீட்டில் இரண்டு எச்.பி. இன்வெர்ட்டர், மூன்று முனையிலும் 0.9, 0.9, 0.9 ஓம் காட்டுகிறது, ஆனால் புறப்படவில்லை. கம்ப்ரசர் விலை கேட்டு வந்திருக்கிறார்கள்.

பஸண்டாங் அக்கா

வாங்க விடாதீர்கள். மூன்றும் சமம். ஓட்டுக்கு மெக்கர் வைத்துப் பாருங்கள். அதுவும் நன்றாக இருந்தால் போர்டு. வெளி யூனிட் போர்டில் கண் சிமிட்டும் விளக்கு எத்தனை முறை சிமிட்டுகிறது என்று எண்ணி, மாடல் எண்ணோடு தனி இழையாகப் போடுங்கள். இங்கே கலக்க வேண்டாம்.

கணக்கப்பிள்ளை

தாம்வே தம்பி, பழைய கம்ப்ரசரை எடைக்கடையில் போடும்போது செம்பு விலை கேளுங்கள், இரும்பு விலைக்குக் கொடுத்துவிடாதீர்கள். உள்ளே செம்புக் காயில் இருக்கிறது.

மோல்மீன் மெக்கானிக்

போடுவதற்கு முன் எண்ணெயை வடித்து, மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். பின்சந்துச் சாக்கடையில் ஊற்ற வேண்டாம். கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.